நிலவறை நிபுணரும் மண் அடுப்பும்

2005 வாக்கில் அமெரிக்க நிலவறைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். ஒஹையோ, பென்சில்வேனியா பக்கத்து வீடுகளுக்கு அடியில் கான்கிரீட் சுவர் வைத்து ஓர் அறை இருக்கும். கோடையில் வெளியே புழுங்கும், கீழே சுவர் குளிர்ந்து கிடக்கும். புழுக்கக் காற்று இறங்கி அந்தச் சுவரைத் தொட்டதும் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் பூஞ்சை, வாடை, இருமல். அதற்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் என்று ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பைண்ட் தண்ணீர் இழுக்கும் என்பதை வைத்து அப்போது 30, 50, 70 என்று வகை பிரித்திருந்தார்கள். எந்த அறைக்கு எது, தொட்டியைத் தினமும் கவிழ்க்க வேண்டுமா அல்லது குழாய் போட்டு வெளியே விட்டுவிடலாமா, அறை ரொம்பக் குளிர்ந்தால் மெஷினுக்குள் ஏன் உறைபனி பிடிக்கிறது, இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எழுதிய இடம் திருச்செந்தூர், ஒரு பிரௌசிங் சென்டர். எங்கள் பக்கம் தேரிக்காடு. வீட்டுக்கு அடியில் தோண்டினால் செம்மணல்தான் வரும். ஈரம் என்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டும் பேசப்படுகிற விஷயம். நிலவறையை நான் ஆங்கிலப் படங்களில் பார்த்ததோடு சரி. அதற்குள் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மேலே வருவதில்லை.

அந்தக் காலத்தில் தொழில் செய்கிற முறை அப்படி. கூகுள் 2003இல் ஆட்சென்ஸைக் கொண்டுவந்தது. நீங்கள் ஒரு பக்கம் எழுதி வைத்தால் அதில் விளம்பரம் போடுவார்கள், வாசிக்கிறவர் அதைத் தொட்டால் உங்களுக்குக் காசு. தமிழில் எழுதலாமே என்று இப்போது கேட்பார்கள். தமிழ்ப் பக்கங்களை ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை தமிழில் எழுதினால் புகழ் வரலாம், செக் வராது. ஆகவே ஆங்கிலம். ஆங்கிலம் என்றால் அமெரிக்கா, ஏனென்றால் ஒரு கிளிக்குக்கு அவர்கள் கொடுக்கிற காசு வேறு.

என்ன எழுதுவது என்பதை நம் மனசு முடிவு செய்யாது. ஓவர்ச்சர் என்ற கம்பெனியின் கருவி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. ஒரு சொல்லைக் கொடுத்தால், போன மாதம் அதை எத்தனை பேர் தேடினார்கள் என்று காட்டும். அதே சொல்லுக்குக் கூகுளில் எத்தனை பக்கங்கள் போட்டிக்கு நிற்கின்றன என்று பார்த்துக்கொள்வோம். தேடுகிறவர் அதிகம், சொல்கிறவர் கொஞ்சம் என்று ஓர் இடுக்கு தென்பட்டால் அதற்குப் பெயர் நிஷ். அங்கே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. 2004 அக்டோபரில் ‘வயர்ட்’ இதழில் கிறிஸ் ஆண்டர்சன் ‘லாங் டெய்ல்’ கட்டுரையை எழுதிய பிறகு இதற்கு ஒரு தத்துவமே வந்துவிட்டது. ஒன்றிரண்டு பேர் மட்டும் விரும்புகிற பொருள்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரிய சந்தை என்றார். எங்களுக்குத் தத்துவம் வேண்டியிருக்கவில்லை, ஆனால் கட்டுரையை மேற்கோள் காட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

பேராசைக்காரர்களுக்கு வேறு சொல் இருந்தது: மீசோதீலியோமா. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வருகிற புற்றுநோய். அமெரிக்க வக்கீல்கள் நஷ்டஈட்டு வழக்குக்கு ஆள் பிடிக்க அந்தச் சொல்லுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அதனால் உலகமெங்கும் அந்த நோயை உச்சரிக்கத் தெரியாதவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். எங்கள் பிரௌசிங் சென்டரிலும் இரண்டு பையன்கள் எழுதினார்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. மே மாதம் ஷீட் சூடேறி மண்டை காயும். ‘இந்தப் பொருள் ஆபத்தானது’ என்று தட்டிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பாராவுக்குப் போவார்கள்.

ஊரை மறைப்பதுதான் அப்போது முதல் வேலை. தேரிக்காட்டுக்காரன் நிலவறையைப் பற்றிச் சொன்னால் எவன் நம்புவான்? எனக்கு ஒரு வெள்ளைக்காரப் புனைபெயர் இருந்தது. ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள், டிசம்பரில் வாசலில் பனி அள்ளும் சலிப்பு எல்லாம் இருந்தன. நிஜத்தில் எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈசின் ஆர்ட்டிகிள்ஸ் என்ற கட்டுரைக் கிடங்கில் சில கட்டுரைகளைப் போட்டேன், அது தன்னிடம் எழுதுகிற எல்லோரையும் ‘நிபுண ஆசிரியர்’ என்று அழைக்கும். பி.காம். பட்டத்துக்கு அப்புறம் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

இதில் ஒரு விஷயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேஷம் பொய், விஷயம் பொய்யில்லை. மெஷின் கம்பெனிகளின் கையேடுகளை வரி விடாமல் படித்தேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் உத்தமம் என்று சொல்லியிருப்பதை எடுத்துப் போட்டேன். ‘மெஷின் ஓடுகிறது, தண்ணீர் சேரவில்லை, ஏன்?’ என்று ஒரு பக்கம். அதைத்தான் ஆட்கள் அதிகம் தேடி வந்தார்கள். உலகத்திலேயே சிறந்த மெஷின் எது என்று நான் எழுதியதை யாரும் சீண்டவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே இறங்கிப் பார்த்து எரிச்சலோடு வந்து உட்காருகிறவன் கேட்கிற கேள்விக்கு நேரான பதில் இருந்தால் போதும், எழுதியவன் பாஸ்டனா பரமன்குறிச்சியா என்று அவன் பார்ப்பதில்லை. அப்படியானால் வேஷம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

காசு வந்த கதை தனி. முதலில் முகவரியைச் சரிபார்க்க அமெரிக்காவிலிருந்து தபாலில் ஒரு ரகசிய எண் வரும். தபால்காரர் அதை விசா என்றே முடிவு செய்துவிட்டார். “தம்பி, எப்பப் பொறப்படுதிய?” என்று கேட்டதோடு நிற்காமல் தெருவிலும் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் பெண் வீட்டார் தரப்பில் மரியாதை கூடியது. நூறு டாலர் சேர்ந்தால்தான் செக். அது வந்ததும் வங்கிக்குப் போனால், மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டு, இந்தக் கம்பெனியில் உங்களுக்கு என்ன வேலை என்றார். அமெரிக்க வீடுகளின் ஈரத்தை எடுக்கிற வேலை என்றேன். பணம் கணக்கில் ஏற வாரக்கணக்கில் ஆயிற்று.

தொழிலைக் கற்றுத்தர அப்போதும் ஆட்கள் இருந்தார்கள். மின்னூல்களின் விலை 27 டாலர், 47 டாலர், 97 டாலர். ஏன் எல்லாம் ஏழில் முடிகிறது என்று கேட்டால் அதை விளக்க ஒரு மின்னூல் உண்டு. 1998இல் தொடங்கிய கிளிக்பேங்க் சந்தையில் நாய்ப் பயிற்சி, தொப்பை குறைப்பு, முறிந்த காதலை ஒட்டவைப்பது என்று எல்லா நிஷ்ஷும் விற்றன. அவற்றுக்கு மேலே எப்போதும் ஒரு நிஷ் ஓங்கி நின்றது, நிஷ் தேடுகிறவர்கள் என்ற நிஷ். இந்த ஒன்று மட்டும் இருபது வருஷத்தில் மாறவே இல்லை. இப்போது 99 ரூபாய் வெபினார், அதன் கடைசியில் 4,999 ரூபாய் வகுப்பு. மனுஷன் ஒரு சொகுசுக் காரில் சாய்ந்தபடி நம்மைப் பார்த்து ‘நான் உங்களை மாதிரிதான் இருந்தேன்’ என்பான். இருந்திருக்கலாம்.

2011 பிப்ரவரியில் பாண்டா வந்தது. கூகுள் தன் தேடல் முறையில் செய்த மாற்றத்துக்கு அந்தப் பெயர். அமெரிக்கத் தேடல்களில் கிட்டத்தட்ட 12 சதவீதம் அதனால் ஆட்டம் கண்டன. சாரமில்லாத பக்கங்கள், ஒரே விஷயத்தை நாலு தலைப்பில் எழுதிய தளங்கள், கட்டுரைக் கிடங்குகள் எல்லாம் பின்னால் தள்ளப்பட்டன. நிபுண ஆசிரியர்கள் கூட்டமாகப் பதவியிழந்தோம். நியாயமான காரியம். படிக்கிறவனுக்கு அதனால் நன்மைதான். நான் உரக்கடையில் கணக்கு எழுதப் போனேன், பத்து வருஷம் அப்படியே ஓடியது.

2020 ஊரடங்கில் அண்ணன் மகள் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். பொறியியல் படித்தவள், சாஃப்ட்வேர் வேலை. ஊரடங்கு முடிந்தது, அவள் திரும்பிப் போகவில்லை. கருப்பட்டி விற்கப்போகிறேன் என்றாள். வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் அப்பா பனையிலிருந்து இறங்கியதே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான். அந்தப் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது தலைமுறை, கருப்பட்டிக்கே திரும்புகிறேன் என்கிறது.

முதல் வேலையாகக் கொல்லையில் மண் அடுப்பு கட்டினாள். எங்கள் வீட்டில் காஸ் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொத்தனாருக்கு மண் அடுப்பு மறந்துவிட்டதால் யூடியூபைப் பார்த்துக் கட்டினார். பின்சுவரின் வெள்ளைப் பெயிண்டின் மேல் செம்மண்ணைப் பூசினார்கள். சுடிதாரைத் தவிர வேறெதையும் உடுத்தாதவள் சுங்குடிச் சேலையில் குத்தவைத்து உட்கார்ந்து கரண்டியைச் சுழற்றினாள். பின்னால் சேவல் கூவும் சத்தம், அது தனியாக டவுன்லோடு செய்தது.

“இதெல்லாம் என்னத்துக்கும்மா?” என்றேன்.

“ஆத்தென்டிக்கா இருக்கணும் சித்தப்பா. ஆடியன்ஸ் அதைத்தான் எதிர்பார்க்காங்க.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் வயல்வெளியில் சமைத்தே 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது, தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. அவர்கள் நிஜமாகவே அந்த ஊர்க்காரர்கள், நிஜமாகவே வயலில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் வயலை வாடகைக்கு எடுத்தார்கள். நான் ஊரை மறைத்துப் பிழைத்தேன், இவள் ஊருக்கு மேக்கப் போட்டுப் பிழைக்கிறாள். என் ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் பனி பெய்தது, இவள் பக்கத்தில் ‘பாட்டி காலத்துப் பாரம்பரியம்’ பெய்கிறது. பாட்டி இருந்திருந்தால் புகையில்லாத அடுப்பு கேட்டிருப்பாள்.

கருப்பட்டி என்று மொட்டையாகப் போட்டு விற்பது சுலபமில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலேயே கிடைத்தது. ஆனால் குறியீட்டைப் பார்த்து வாங்குகிறவர்களைவிட விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதிகம். சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சி வற்றவைத்தால் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ தேறும். அதற்குப் பனையேறி காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும், பாளை சீவ வேண்டும், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ வேண்டும். சீனிக்கு மூட்டையை அவிழ்த்தால் போதும். அண்ணன் மகள் இன்ஸ்டாகிராமில் காசு கட்டி விளம்பரம் போட்டாள். ஆர்டர் வந்தது. கேஷ் ஆன் டெலிவரியில் போன பார்சல்களில் பாதி, வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்தன. போக வரக் கூரியர் கூலி இவள் தலையில். அந்த வசதியை நிறுத்தினாள், ஆர்டரும் நின்றது.

அப்புறம், சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம் என்று போடு, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று யாரோ யோசனை சொன்னார்கள். இதில் மட்டும் நான் சத்தம் போட்டேன். கருப்பட்டியில் இருப்பதும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். இரும்பு இருக்கிறது, வாசனை இருக்கிறது, நம் பக்கத்து ருசி இருக்கிறது. சுகர் உள்ளவருக்கு அது மருந்தில்லை. வேஷம் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள், சரக்கைப் பற்றிப் பொய் சொல்லாதே என்றேன். முறைத்தாள், ஆனால் போடவில்லை.

வழி வந்தது விளம்பரத்திலிருந்து அல்ல, வாட்ஸ்அப்பிலிருந்து. விலை கேட்கிறவர்களுக்கு நடுவே அவ்வப்போது வேறு மாதிரி ஒரு செய்தி வரும். ‘மகள் பெரிய மனுஷி ஆயிட்டா. உளுந்தங்களி கிண்டணும். எந்தக் கருப்பட்டி வாங்கணும், எவ்வளவு போடணும்?’ ஓசூரிலிருந்து ஒன்று, பெங்களூரிலிருந்து ஒன்று, புனேயிலிருந்து ஒன்று. கேட்கிற அம்மாக்கள் எல்லாம் நம் பக்கத்துப் பெண்கள். அவர்களுக்கு அவர்களின் அம்மா கிண்டிப் போட்டது, அப்போது பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை, இருந்தாலும் ‘கைக்கணக்குத்தான்’ என்கிறாள்.

இந்தச் செய்திகளை அண்ணன் மகள் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். அவள் காட்டியபோது எனக்குப் பழைய ஓவர்ச்சர் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. தேடுகிறவர் இருக்கிறார், சொல்கிறவர் இல்லை. இவள் அதைக் கருவி எதுவும் இல்லாமல், தனக்கு வந்த மெசேஜை ஒழுங்காகப் படித்தே கண்டுபிடித்தாள். தொலி நீக்காத கறுப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், மூன்றும் ஒரு ஓலைப்பெட்டியில். கூடவே ஒரு தாள்: கருப்பட்டியை அப்படியே போடாதீர்கள், பாகாக்கி வடிகட்டுங்கள், அடியில் மணலும் சுண்ணாம்பும் தங்கும். மாவு கட்டி தட்டினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பாரா. அதற்கும் மேலே சந்தேகம் வந்தால் வீடியோ கால், எதிர்முனையில் எங்கள் மதினி. தன் மகள் வேலையை விட்டதற்காக நாலு மாதம் பேசாமல் இருந்த மதினி, இப்போது புனேக்காரியிடம், “எண்ணெய இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி, கஞ்சத்தனம் பண்ணாத” என்று அதட்டுகிறாள். அந்த வேலைக்கு ஐ.டி. கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட் என்று பெயராம். மதினிக்குப் பெயரும் வேண்டாம், சம்பளமும் கிடையாது.

உளுந்தங்களிக்குப் பின்னாலேயே பேறுகால மருந்துக்குக் கருப்பட்டி கேட்டு வந்தார்கள். ஒரு வீட்டில் வாங்கினால் அந்தச் சொந்தத்தில் அடுத்து வயசுக்கு வருகிற பிள்ளை வரை ஆர்டர் தொடரும். விளம்பரச் செலவு குறைந்துகொண்டே போயிற்று. நிஷ் என்று நாங்கள் தேடி அலைந்தது, இருபது பேருக்கு மேல் யாருக்கும் அக்கறை இல்லாத ஒன்றை. அந்த இருபது பேருக்கு அது தலைபோகிற காரியமாக இருந்தால் மற்றதைக் குடும்பக் குரூப்கள் பார்த்துக்கொள்கின்றன.

நடுவில் ஐப்பசி வந்தது. மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்து இளகும், கசியும். பெட்டியெல்லாம் பிசுபிசுவென்று போய்ச் சேர்ந்ததாகப் படங்கள் வந்தன. முன்பெல்லாம் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், புகையே காப்பாற்றும். இவளுடைய மண் அடுப்பில் புகை கிடையாது, வீடியோவுக்கு மட்டும் எரிகிற அடுப்பு. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நான் வாய் திறந்தேன். அறையை அடைத்து, ஈரப்பதத்தை 50க்குக் கீழே இறக்கு, சுவரில் ஈரமானி ஒன்றை மாட்டு, இந்த நீள அகலத்துக்கு இத்தனை பைண்ட் மெஷின் போதும், தண்ணீரைத் தொட்டியில் பிடிக்காதே, குழாய் வைத்து வாழைக்கு விடு. கட்டுவதற்கு முன்னால் தடித்த பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் ஒட்டு, அதற்கு மேலே ஓலைப்பெட்டி.

“இதெல்லாம் ஒங்களுக்கு எப்படி சித்தப்பா தெரியும்?”

“ஒஹையோவுல கொஞ்ச காலம் இருந்தேன்” என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் தெருவில் சுற்றிய விசா வதந்தியை அவளும் கேள்விப்பட்டிருப்பாள் போல, மேற்கொண்டு கேட்கவில்லை.

மெஷின் வந்தது, சரக்கு நின்றது. போன கோடையில் புதுச் சிக்கல். அண்ணன் மகள் கருப்பட்டி எடுப்பது தேரிக்காட்டுக்குள் விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை, போட்டிருக்கும் ஓர் ஆச்சியிடம். ஆச்சியின் பேரன் பதினொன்றாம் வகுப்பு. அவன் போனில் இவள் வீடியோவைக் காட்டியிருக்கிறான். ஆச்சி மண் அடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தியிருக்கிறாள். அடுத்த வாரமே பேரன் ஒரு பக்கம் தொடங்கினான்.

அவன் வீடியோக்களை நான் பார்த்தேன். தகரக் கூரை, கரி பிடித்த பெரிய தாச்சி, உடைமர விறகு, நைலான் கயிற்றில் காய்கிற துணிகள். ஆச்சி நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, கண்ணெரிச்சலோடு பாகைக் கிண்டுகிறாள், கேமராவைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பேரன் பார்சலோனா ஜெர்சியில் நின்று சிரட்டையில் ஊற்றுகிறான். வண்டிச் சத்தம் மேலே விழுந்து பாதிப் பேச்சு கேட்கவில்லை. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘தம்பி, இது பார்த்தா ஒரிஜினல் மாதிரி தெரியலையே. ஒரிஜினல்னா மண் அடுப்புலதான் காய்ச்சுவாங்க.’ கூடவே அண்ணன் மகளின் பக்கத்தை உதாரணமாகக் காட்டியிருந்தார்.

அவளிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமைப்பட்டாள், பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டாள். “லைட்டிங் சரியில்ல சித்தப்பா, அதான்” என்றாள். ஆனாலும் அவன் பக்கத்தில் ஆர்டர் நுழைந்துகொண்டிருந்தது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்து ஆட்கள், விடிலியை நேரில் பார்த்து வளர்ந்தவர்கள், வெளியூரிலிருந்து அவனுக்கு ஜிபே செய்தார்கள். அவர்களுக்கு மண் அடுப்பு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பங்குனி பிறக்கும் முன்னாலேயே அண்ணன் மகள் விடிலிக்குப் போனாள், நானும் போனேன். பேரம் ஆச்சியோடு அல்ல, பேரனோடு. சீசன் முழுக்கச் சரக்கில் முக்கால்வாசி எங்களுக்கு, கிலோவுக்குப் பழைய விலையைவிட மூன்றில் ஒரு பங்கு கூட, பாதிப் பணம் முன்பணம். மீதிக் கால்வாசியை அவன் தன் பக்கத்தில் விற்றுக்கொள்வான், உளுந்தங்களிப் பெட்டி மட்டும் போடக் கூடாது. அவன் ஒத்துக்கொண்டான். முன்பணம் கைக்கு வந்ததும், “அக்கா, அந்த மண் அடுப்பு கட்ட எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டான்.